பெயர் போடாத சீட்டு

ஹோரிகோஷி கென்சாய் ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்தார். ‘இல்லை’ என்ற வார்த்தை. ஹனேகாவா ஊரில் யாராவது ஒருத்தர் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, இல்லை, நீங்கள் சொல்வது தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஒருத்தர் சொன்னால் அடுத்தவருக்குத் தைரியம் வரும், பிறகு இந்த நாடு தானாக உருப்பட்டுவிடும் என்று மனுஷன் நம்பினார். நம்புவதற்கு என்ன, வரியா கட்ட வேண்டும்?

நாகசாகிக்குப் போய் டச்சு படித்தவர் அவர். அது போதாதென்று முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆங்கிலமும் கற்றவர். பதினொரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு ஊர் திரும்பியிருந்தார். பீரங்கி வார்ப்பது, நீராவி எஞ்சின், அம்மை குத்துவது, நிலம் அளப்பது என்று அவற்றில் எல்லாம் இருந்தது. ஆனால் அவரைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. மேல்நாட்டில் பெரிய மனிதர்கள் கூடியிருக்கிற சபையில் ஒரு சின்ன மனிதன் எழுந்து மறுத்துப் பேசலாம். பேசிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கப்பலும் பீரங்கியும் அதிலிருந்துதான் முளைத்தன என்பது அவர் கட்சி. அதனால் போன வருஷம் வசந்தத்தில், மாதாமாதம் பதினாறாம் தேதி புத்தர் கோயில் கூடத்தில் பேச்சுக் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்.

கூட்டத்துக்கு ஆள் வராமல் இல்லை. எட்டுத் தெருக்களிலிருந்தும் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். வராவிட்டால் வாத்தியார் மனசு கஷ்டப்படுமே என்று வந்தார்கள். மூன்றாம் கூட்டத்தில் பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று ஆரஞ்சுப் பழத்தையும் விளக்கையும் வைத்து விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். கென்சாய்க்குச் சந்தேகம் வந்தது. நாலாம் கூட்டத்தில் எழுந்து, போன மாதம் சொன்னது தப்பு, நன்றாக யோசித்துப் பார்த்தேன், சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்றார். அதற்கும் அதே நாற்பது தலைகள் அதே மாதிரி ஆடின. உங்கள் அபிப்பிராயம் என்ன என்று சாக்கே என்கிற அரிசிச் சாராயம் வடிக்கும் மொமோசேயைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

“போன மாசமும் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இந்த மாசமும் நல்லா இருக்குங்க” என்றார் மொமோசே.

அன்றைக்குக் கென்சாய் விசிறியைத் தரையில் அடித்தார். இனிமேல் இந்தக் கூடத்தில் நான் எது சொன்னாலும் நீங்கள் எதிர்த்துப் பேசித்தான் ஆக வேண்டும் என்று கத்தினார். அப்படியே ஆகட்டும் என்று எல்லாரும் பாயில் நெற்றி படக் குனிந்து ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவி நுயியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

“ஏங்க, எதிர்க்கணும்னு நீங்களே உத்தரவு போட்டா, எதிர்க்கிறதும் கீழ்ப்படியறதும் ஒண்ணாத்தானே ஆகுது?” என்றாள் நுயி, முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

அவள் சொன்னது சரி. சரி என்பதால்தான் அவருக்குக் கோபம் வந்தது. நாட்டில் மறுத்துப் பேச ஒரு வாய் இல்லையே என்று புலம்பியவர், சொந்த வீட்டில் மூன்று வேளையும் மறுப்பைச் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார். அது மட்டும் அவர் கணக்கில் சேரவே இல்லை.

இதெல்லாம் வேலையற்றவன் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் தெற்கத்திப் படையோடு சண்டை வந்தபோது கோட்டையில் ஒன்பது நாள் ஆலோசனை நடந்தது. எதிரியின் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் குண்டு போடலாம், நம்முடையதை நிமிர்த்திப் பிடித்து வாய்வழியாகக் கெட்டிக்க வேண்டும், இவன் ஒன்று சுடுவதற்குள் அவன் ஆறு சுடுவான் என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த கென்சாயே அதை விவரமாக எழுதி, முதல் மந்திரியாக இருந்த யொனேசு குராண்டோவின் கையில் கொடுத்திருந்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டி, யொனேசு அதை அங்கியின் கைக்குள் செருகிக்கொண்டார். சபையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் படை கிளம்பிப் போயிற்று. ஆற்றைக் கடக்கிற இடத்தில் கென்சாயின் மகன் ஷின்பெய் செத்தான். பதினேழு வயது. குண்டைக் கெட்டிக்கிற கோல் துப்பாக்கிக் குழாயிலேயே இருந்ததாம்.

அதற்குப் பிறகு ஆட்சி மாறிற்று, ஊரை ஆண்ட பிரபு தலைநகருக்குப் போய்விட்டார், அந்தஸ்து எல்லாம் சட்டப்படி ஒழிந்தது. கென்சாய்க்கு உயிரைப் பிடித்துவைக்க ஒரே பிடிமானம்தான் மிஞ்சியது. ஊரில் புதிய கல்விக்கு ஒரு பள்ளிக்கூடம். சாமுராய் பிள்ளை, செருப்புத் தைப்பவன் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து படித்து, வாத்தியாரையே மடக்கிக் கேள்வி கேட்கிற பள்ளிக்கூடம்.

அந்த வருஷம் கோடை முடிகிற நேரத்தில் மாகாண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரும், உலக உருண்டை முதல் தராசு வரை சாமான்களும் தயார். ஆனால் தீப்பிடிக்காத பெரிய கட்டடம் ஒன்றை ஊர் காட்ட வேண்டும். இலையுதிர் காலம் முடிவதற்குள் காட்டாவிட்டால் எல்லாம் ஆற்றுக்குக் கீழே இருக்கும் செக்கியாமாவுக்குப் போய்விடும். ஹனேகாவாவில் அப்படிப்பட்ட கட்டடம் ஒன்றுதான் இருந்தது. அகழியோரம் நின்ற பழைய அரிசிக் களஞ்சியம். முழங்கை நீளம் கனமான சுண்ணாம்புச் சுவர், முப்பது அடி உயரக் கூரை. பிரபு இருந்த காலத்தில் பஞ்சத்துக்கென்று அதில் அரிசி சேர்த்து வைப்பார்கள். இப்போது பாதி காலி. பள்ளிக்கூடமா, களஞ்சியமா என்பதை ஊரார் கூடிப் பேசி முடிவு செய்து சொல்லவும் என்று கடிதம் முடிந்தது.

ஊரார் கூடிப் பேசி! கென்சாய் அந்த வரியை மூன்று தரம் நுயிக்குப் படித்துக் காட்டினார். அரசாங்கம் ஊரைப் பார்த்து ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

ஆனால் வாய்விட்டுக் கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எல்லாக் கண்ணும் யொனேசு பெரியவர் பக்கம் திரும்பும். யொனேசுவுக்கு எழுபத்தொரு வயது. ஊரெல்லாம் குடுமியை வெட்டிவிட்ட பிறகும் அவர் வெட்டவில்லை. பதவி போய் நாளாகிவிட்டது. ஆனாலும் அவர் எந்தப் பக்கம் உட்கார்கிறாரோ அதுதான் இன்றைக்கும் கூடத்தின் தலைப்பக்கம். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று பெற்ற பிள்ளைக்கே தெரியாது. எதைக் கேட்டாலும் இருமுவார். அந்த இருமலுக்கு ஆளுக்கொரு அர்த்தம் பண்ணிக்கொண்டு எல்லாரும் நடப்பார்கள். பிடிகொடுக்காமல் பேசுவதுதான் பெரிய குடும்பத்து லட்சணம் என்று அவரை அப்படி வளர்த்திருந்தார்கள்.

யோசித்து யோசித்துக் கென்சாய் வழி கண்டுபிடித்தார். மிசோ ஊறவைக்கிற பீப்பாய் செய்கிறவரிடம் சொல்லி, மேலே கீறல் விட்ட மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். ஒவ்வொரு தெருவும் ஐந்தாறு பேரை அனுப்பட்டும், மொத்தம் நாற்பத்துமூன்று பேர். ஆளுக்கொரு சீட்டு. வீட்டிலேயே ‘பள்ளிக்கூடம்’ அல்லது ‘களஞ்சியம்’ என்று எழுதி, மடித்து, பதினாறாம் தேதி கொண்டுவந்து பெட்டிக்குள் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. யார் எழுதினது என்று தெரியாதபோது யாருக்கு யார் பயப்பட வேண்டும்? கூட்டத்தை நடத்துகிறவன் ஓட்டுப் போட்டால் நியாயமில்லை என்பதால் தனக்குச் சீட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இதை விளக்குவதற்கு இரண்டு கூட்டம் ஆயிற்று. பெயர் எழுதக் கூடாது என்பது யார் மண்டையிலும் ஏறவில்லை. பழைய காலத்தில் கோட்டை வாசலில் மனுப்பெட்டி ஒன்று இருந்தது. ஊரும் பேரும் இல்லாத மனுவைப் பிரிக்காமலே நெருப்பில் போட்டுவிடுவார்கள். பெயர் போடாத காகிதம் கோள்மூட்டுகிறவன் காகிதம், மானமுள்ளவன் எழுத மாட்டான். இதில் ஊறினவர்கள் அவர்கள். கென்சாய் தொண்டை வற்றச் சொன்னார். அது அந்த ஆட்சி, இது இந்த ஆட்சி. நானே என் கையால் ஒவ்வொரு சீட்டையும் எடுத்துச் சத்தமாகப் படிப்பேன். ஒன்றுகூட நெருப்புக்குப் போகாது.

கூட்டம் கலைந்தபோது சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்கிற காஹெய் வாசலில் நின்று தயங்கினார். கென்சாயைவிட ஒரு வயதோ என்னமோ சின்னவர். தினம் காலையில் தோள்கம்பில் தொட்டிகளை மாட்டிக்கொண்டு இவர் தெருவுக்கு வருகிறவர், எந்நேரமும் கை ஈரமாகவே இருக்கும். உங்களுக்குப் பிடிக்காததை எழுதியிருந்தாலும் படிப்பீர்களா என்று கேட்டார். அதைத்தான் முதலில் படிப்பேன் என்றார் கென்சாய். காஹெய் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதினாறாம் தேதி பகலிலேயே குளிர் விறைத்தது. கோயில் குருக்கள் கூடத்தில் நாலு கணப்புச் சட்டிகள் வைத்திருந்தார். மாகாண அலுவலகத்திலிருந்து இஜுயின் என்ற அதிகாரி வந்திருந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். தெற்கத்திக்காரர், அதாவது சண்டையில் ஜெயித்த பக்கம். மேல்நாட்டுக் கோட்டு, சட்டைப்பையில் கடிகாரம். சாயங்காலத்துக்குள் செக்கியாமா போய்ச் சேர வேண்டும் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

நாற்பத்துமூன்று பேரும் வந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று கென்சாய் சொல்லியும், பழைய அந்தஸ்து வரிசை ஒரு ஆள் பிசகாமல் உட்கார்ந்தார்கள். யொனேசு தலைப்பக்கம், காஹெய் கதவோரம். ஒவ்வொருவராக எழுந்து சீட்டுப் போட்டார்கள். பூமாலைதான் குறை, பெட்டிக்கு அப்படி ஒரு மரியாதை. பட்டுநூல் கடைக்காரர் சீட்டைக் கல்யாணச் சீர் மாதிரி ஊதாப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், கீறலுக்குள் நுழையவில்லை. பட்டை அவிழ்க்கச் சொல்லி உள்ளே தள்ளிவிட்டார் கென்சாய்.

பெட்டியைத் திறந்து முதல் சீட்டை எடுத்தார். நல்ல எழுத்து. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“மேலத்தெரு அரிசி வியாபாரி சுகெசாபுரோ. யொனேசு ஐயாவின் எண்ணம் எதுவோ, அதுவே அடியேன் எண்ணம்.” கீழே சிவப்பு முத்திரை வேறு.

போகட்டும், ஒருத்தர் என்று இரண்டாவதைப் பிரித்தார். மொமோசே. யொனேசு ஐயா நினைப்பதே சரியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். மூன்றாவது வைத்தியர், குளிர் தொடங்கும் இவ்வேளையில் ஊரார் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, யொனேசு ஐயாவின் முடிவே என் முடிவு என்று முடித்திருந்தார். நாலாவதும் அதுதான். பத்தாவதும் அதுதான். பத்தொன்பதாவதும் அதுதான். ஒருத்தர் விடாமல் பெயர் எழுதியிருந்தார்கள், தெரு எழுதியிருந்தார்கள், முத்திரை குத்தியிருந்தார்கள். ‘பள்ளிக்கூடம்’ என்றோ ‘களஞ்சியம்’ என்றோ ஒரு சனியன் பிடித்த வார்த்தையை மட்டும் யாரும் எழுதவில்லை. முப்பதுக்கு மேல் அவர் பெயரை மட்டும் படித்துப் பக்கத்தில் வைத்தார். இஜுயின் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

நாற்பத்திரண்டாவது சீட்டு தடித்த உயர்ந்த காகிதம். யொனேசுவுடையது. இதற்குள் இருப்பதுதான் ஊரின் முடிவு. தான் ஒழிக்க நினைத்தது இதைத்தான் என்பதுகூட அந்த நொடியில் மறந்துபோயிற்று. பிரித்தார்.

“ஊரார் அனைவரின் எண்ணம் எதுவோ, அதுவே என் எண்ணம். யொனேசு குராண்டோ.”

இஜுயினால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

கென்சாய் எழுந்து நின்றார்.

“வாயில என்ன மோச்சிக் கொழுக்கட்டையா அடைச்சு வச்சிருக்கீங்க? ரெண்டு வார்த்தை. ரெண்டுல ஒண்ணை எழுதச் சொன்னேன். நீங்க அவரைப் பாக்கறீங்க, அவரு உங்களைப் பாக்கறாரு. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் கப்பல்ல வந்து இந்த ஊரே என்னுதுன்னு சொன்னாலும், யொனேசு ஐயா நெனைக்கிறபடின்னு எழுதிக் குடுத்துடுவீங்களா?”

எல்லாரும் தலை குனிந்தார்கள். வாத்தியார் மனசைப் புண்படுத்திவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதைக் கேட்டு அவருக்கு இன்னும் ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“வாத்தியாரே, இன்னும் ஒண்ணு இருக்குது பாருங்க” என்றார் இஜுயின்.

பெட்டியின் அடிப்பலகையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் பட்டுத் துவண்ட காகிதம். கிழியாமல் உரித்து எடுத்தார். கோணல் மாணலான எழுத்து, குழந்தைகள் முதலில் பழகும் சுலபமான எழுத்துகள் மட்டும். பெயர் இல்லை. முத்திரை இல்லை.

‘களஞ்சியம் இருக்கட்டும்’ என்று ஆரம்பித்தது அது. ‘நான் சின்னப் பையனாக இருந்தபோது வந்த பஞ்சத்தில் என் தங்கைகள் இரண்டு பேர் செத்தார்கள். பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. சின்னவள் செத்த மறுநாள் களஞ்சியத்தைத் திறந்து எங்கள் தெருவுக்கு அரிசி கொடுத்தார்கள். அதனால் நான் இருக்கிறேன். இந்த வருஷமும் கோடையில் வெயில் சரியாக இல்லை. புத்தகத்துக்கு வேறு இடம் பார்க்கலாம். எலி ஏறாத, நெருப்புப் பிடிக்காத சுவர் வேறு இல்லை. வாத்தியாரய்யா தப்பாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.’

கென்சாய்க்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். வந்துவிட்டான். ஒன்றரை வருஷமாகக் காத்துக் கிடந்த ஆள் வந்துவிட்டான். வெறும் மறுப்பு இல்லை, காரணத்தோடு மறுப்பு. தப்பாகச் சொல்கிறார் என்று எழுதியே விட்டான். பதில் சொல்ல வாய் துடித்தது. ஏன், அரிசியை மொமோசேயின் கிடங்கில் வைக்கலாமே. இல்லை, அதற்குச் சுவர் பலகைதான், எலி ஏறும். அப்படியானால் களஞ்சியத்தின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தால்? அதிகாரி ஒப்புவாரா? இவன் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அவர் யோசிக்கவே யோசிக்காத கேள்வி.

அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நாற்பத்துமூன்று சீட்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிற சீட்டு இது ஒன்றுதான். இதை அவர் வாயைத் திறந்து படித்தால், களஞ்சியத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குச் சைபர். இஜுயின் அதை எழுதிக்கொண்டு செக்கியாமாவுக்குக் குதிரை ஏறிவிடுவார். விதியை எழுதினவர் கென்சாய்தான்.

“என்ன எழுதியிருக்குது?” என்றார் இஜுயின்.

கென்சாய் சீட்டை மடித்தார். கூடமே அவரைப் பார்த்தது. கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது இரண்டே வார்த்தை.

“பேர் இல்லை.”

பொய் இல்லை அது. ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பேர் இல்லையா, அப்படியானால் அது சீட்டே இல்லை என்று ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். எந்த வீணாப்போனவன் வேலையோ என்றார் அரிசி வியாபாரி. உதவி செய்கிற நினைப்பில் குருக்கள் கணப்புச் சட்டி ஒன்றைக் கென்சாயின் காலடிக்கு நகர்த்தி வைத்தார். பெயரில்லாததைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று எனக்கு உத்தரவு எதுவும் இல்லை, கூட்டம் உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள் என்றார் இஜுயின், கடிகாரத்தைத் திறந்து மூடிக்கொண்டே.

அப்போது யொனேசு இருமினார். கூடம் அடங்கிற்று. எல்லாரும் என்னிடம் விட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது, எனக்கு இதில் தனியாக ஒன்றும் இல்லை என்று மென்று முழுங்கிவிட்டு, அவர் ஆயுளிலேயே தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

“கென்சாய் ஒண்ணரை வருஷமா உசுரக் குடுத்துப் பாடுபட்டிருக்கான். அது வீணாப் போகக் கூடாது.”

அவரிடம் விட்டிருந்த நாற்பத்தொரு பேரும் குனிந்தார்கள். அப்படியே ஆகட்டும். இஜுயின் பென்சிலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு கென்சாயைப் பார்த்தார். மகனைத் தின்ற அதே மௌனம், அதே தலையாட்டல், இன்றைக்கு இவர் மடியில் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து போடுகிறது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு காகிதம்தானே. நாளைக்கு ஐம்பது பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழே உட்காரும், அவர்கள் படிப்பார்கள், அவர்கள் பேசுவார்கள், அவர்களுக்காகத்தான்.

கதவுப் பக்கம் அவர் பார்க்கவில்லை. குனிந்து சீட்டைக் கரியின் மேல் வைத்தார். ஈரக் காகிதம் உடனே பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகுதான் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது இருட்டவில்லை. நல்ல காரியம் நடந்தால் சமைக்கிற சிவப்பு அவரைச் சோற்றை நுயி வடித்து வைத்திருந்தாள்; ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், சீட்டில் இருந்ததை வரி விடாமல். ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு தங்கைகள் என்றதும் நுயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அது காஹெய்தானே.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பித்ரு பண்டிகைக்கு வருஷா வருஷம் ஆத்துல ரெண்டு சின்ன விளக்கு விடுவாரு, கூடவே ரெண்டு துண்டு டோஃபுவும். ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.” கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். “எரிச்சிருக்கக் கூடாதுங்க.”

அந்தப் பஞ்சத்தில் இவருக்குப் பத்து வயது. கஞ்சி கொஞ்சம் நீர்த்துப்போனது மட்டும்தான் ஞாபகம். களஞ்சியத்திலிருந்து முதலில் சாமுராய் வீடுகளுக்குத்தான் அளந்தார்கள். பதினொரு வருஷமாகக் காஹெய் கையால் டோஃபு வாங்கித் தின்கிறார், அவருக்குத் தங்கைகள் இருந்தார்களா என்று ஒரு நாள் கேட்டதில்லை. பூமி எதைச் சுற்றுகிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை டோஃபு விற்கும் கூவல் தெருமுனையில் கேட்டதும் கென்சாயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். விடியும் வரை யோசித்து வைத்திருந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினார். களஞ்சியத்தை நடுவே சுவர் எழுப்பிப் பிரிக்கலாம், ஒரு பாதி அரிசிக்கு. மாகாணத்துக்கு நானே எழுதுகிறேன். அடுத்த பதினாறாம் தேதி நீங்கள் எழுந்து நின்று அந்தக் காரணங்களை உங்கள் வாயால் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

“அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்” என்றார் காஹெய்.

“அந்தச் சீட்டு நீங்க எழுதினதுதானே?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே, வாத்தியாரய்யா.”

தொட்டியின் பக்கப்பலகையில் ‘காஹெய்’ என்று மையால் எழுதியிருந்தது. அதே கோணல் எழுத்து. கென்சாய் அதைப் பார்ப்பதைக் காஹெய்யும் பார்த்தார். ஆனாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

“காஹெய், நான் செஞ்சது தப்பு.” கென்சாய் கிண்ணத்தோடு ஒரு எட்டு முன்னால் வந்தார். “தப்புன்னு சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்ல.”

காஹெய் இன்னொரு துண்டையும் எடுத்து வைத்தார். பள்ளிக்கூடம் வருவது ஊருக்கே சந்தோஷம், இது அதற்காக என் சார்பில், காசு வேண்டாம் என்றார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு வரை வளைந்து, நேற்று வரை குனிந்ததைவிடத் தாழக் குனிந்தார்.

“நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்ங்க.”